காருக்கும் ஒரு விசா

ஐரோப்பாவில் இருக்கிற சொந்தக்காரரோடு வட்ஸ்அப்பில் கதைக்கிற எங்களில் கனபேருக்கு ‘விக்னெட்’ என்ற சொல் ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும். “தை முடியமுன்னம் புது விக்னெட் ஒட்டோணும்”, “விக்னெட் இல்லாமப் போய் தண்டம் கட்டினவர்” எண்டு ஏதாவது ஒரு கதை வரும். எனக்கும் அது கொஞ்சக் காலம் முன்பு வரை வெறும் சொல்தான்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கட நாட்டில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறினால், ஏறும் இடத்தில் ரிக்கெற் தருவார்கள். இறங்கும் இடத்தில் ஓடின தூரத்துக்குக் காசு. பிரான்சிலும் இத்தாலியிலும் பெரும்பாலும் இதே மாதிரித்தான். ஆனால் சுவிஸ், ஒஸ்ரியா, ஹங்கேரி, செக், சிலோவாக்கியா, சிலோவேனியா போன்ற நாடுகளில் கார்களுக்கு வேறு முறை. அங்கே தூரத்துக்கு அல்ல, காலத்துக்குத்தான் காசு. இந்த நாளில் இருந்து இந்த நாள் வரைக்கும் இந்தக் கார் எங்கட மோட்டர்வேயில் ஓடலாம் என்று ஓர் அனுமதி. அதற்குப் பெயர்தான் விக்னெட். முந்தி அது முன் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். இப்ப அது ஸ்டிக்கராகவே இருக்கத் தேவையில்லை. இணையத்தில் காரின் இலக்கத்தைக் கொடுத்துக் காசு கட்டினால் சரி. கண்ணாடியில் எதுவும் இருக்காது. இலக்கத் தகடுதான் ரிக்கெற்.

ஹங்கேரி 2008 இலேயே இதுக்கு மாறிவிட்டது. சிலோவாக்கியா 2016 இல், செக் 2021 இல். சுவிஸ் ஆறுதலாக, 2023 ஓகஸ்ட் 1 ஆம் திகதிதான் இ-விக்னெட்டைக் கொண்டுவந்தது. அங்கே ஸ்டிக்கரும் இன்னும் விற்கிறார்கள், விரும்பினதை எடுக்கலாம்.

2025 ஆடி மாதம் நான் ஜேர்மனிக்குப் போனேன். மியூனிக்கில் அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் பயணத்தின் முக்கிய காரணம் அவர்கள் இல்லை. சுவிஸில் சென்காலன் பக்கம் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா இருக்கிறா. அம்மாவும் அவவும் நேரில் பார்த்து முப்பது வருசத்துக்கு மேல். பெரியம்மாவுக்கு இப்ப நடக்க ஏலாது, இனி விமானம் ஏறி ஊருக்கு வருவா என்ற நம்பிக்கை ஒருவருக்கும் இல்லை. அதனால் அம்மாவும் நானும் சேர்ந்துதான் விசாவுக்கு விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கடிதம் ஒரு படிவம். காரணங்கள் ஏற்கெனவே அச்சடித்திருக்கும், பொருந்துவதற்கு நேரே ஒரு புள்ளடி. விசா முடியமுன்னம் இவர் திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்ற வரிக்கு நேரே அம்மாவுக்குப் புள்ளடி விழுந்திருந்தது. எனக்கு வேலை இருக்கிறது, லீவுக் கடிதம் இருக்கிறது, வங்கிக் கணக்கில் மாதா மாதம் சம்பளம் விழுகிறது. அம்மாவிடம் இருப்பது ஒரு வீடு, ஒரு கிணறு, ஏழு தென்னை, பின்னேரத்தில் வந்து கதைத்துவிட்டுப் போகிற நாலு பேர். திரும்பி வருவதற்கு இவ்வளவு காரணங்கள் போதும் என்று அம்மா நினைத்தா. அதையெல்லாம் எழுத விண்ணப்பத்தில் இடம் இருக்கவில்லை.

அம்மா அழவில்லை. மிளகாய்த்தூள் இடித்து, பனங்கட்டி சுற்றி, பெரியம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து என் பெட்டியில் வைத்தா. “நீ போய் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இரு. அது காணும்” எண்டா.

மியூனிக்கில் இருந்து சென்காலனுக்குச் சனி, ஞாயிறில் போய் வருவதாக முடிவெடுத்தோம். அத்தானின் கார் சின்னது. ஐந்து பேர், சாமான்கள், பெரியம்மா வெளியில் போக ஆசைப்பட்டால் அவவின் சக்கர நாற்காலி. அதனால் ஏழு பேர் போகக்கூடிய ஒரு வான் வாடகைக்கு எடுத்தோம். சுவிஸுக்குக் கொண்டு போகலாமா என்று அத்தான் முதலே கேட்டுவிட்டார். விக்னெட் வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வாடகைக்கு வாகனம் எடுப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. இ-விக்னெட் இலக்கத் தகட்டுக்குத்தான். வாடகை வாகனத்தின் இலக்கம் சாவி கையில் வரும் வரைக்கும் தெரியாது. ஆகவே முதல் நாள் இரவே வாங்கி வைக்க ஏலாது. சனிக்கிழமை காலை அந்த வாகனத் தரிப்பிடத்தில், அக்கா பிள்ளைகளின் இருக்கைகளைப் பூட்டிக்கொண்டிருக்க, நான் ஃபோனை எடுத்தேன்.

கூகிளில் தேடினால் முதலில் வந்தது அரசாங்கத்தின் தளம் இல்லை. சுவிஸ் கொடி, மலை, சிவப்பு எழுத்து எல்லாம் இருந்தது. விலை மட்டும் கூட. கீழே சின்ன எழுத்தில் தாங்கள் ஓர் இடைத்தரகர், சேவைக் கட்டணம் எடுப்போம் என்று இருந்தது. அப்படி விற்கிற தளங்கள் பல இருக்கின்றன. உண்மையான விலை 40 பிராங். 1995 இல் இருந்து மாறாத விலை அது. 100 பிராங் ஆக்கப் பார்த்தார்கள், 2013 கார்த்திகையில் மக்களிடம் வாக்கெடுத்தார்கள், பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அரசாங்கத்தின் தளம் ‘அட்மின் டொட் சிஎச்’ என்று முடியும். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் திணைக்களம் நடத்துவது. அதைத் தேடி எடுத்தேன்.

கேட்டது மூன்று விசயம். என்ன வகை வாகனம்? எந்த நாட்டுப் பதிவு? இலக்கம் என்ன? அத்தான் தகட்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் வேறொரு காருக்குக் காசு கட்டினது மாதிரி. ஆகவே இரண்டு தரம் வாசித்தார். கார்ட் இலக்கத்தைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு வந்தது. முழுக்க இரண்டு நிமிசம், கூடினால் மூன்று.

நான் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றேன். “என்ன, காசு போகேல்லையோ?” எண்டு அத்தான் கேட்டார்.

“போயிட்டுது அத்தான். அவ்வளவுதானா எண்டு பாக்கிறன்.”

என் விசாவுக்கு நாங்கள் பட்டது மனதில் ஓடியது. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்புறுதி. வங்கிக் கூற்று, பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, கைவிரல் அடையாளம். அதுக்கும் மேலே, அத்தான் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், தன் சம்பளப் பத்திரங்களைக் காட்டி, 29 யூரோ கட்டி, இவர் இங்கே நிற்கும் காலத்தில் வரும் செலவு முழுக்க என் பொறுப்பு என்று கையெழுத்து வைத்திருந்தார். அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு கையெழுத்து. ஒன்று வீணாகப் போனது.

வானுக்கு யாரும் கையெழுத்து வைக்கவில்லை. வானிடம் யாரும் ‘திரும்பிப் போவாயா?’ என்று கேட்கவும் இல்லை.

மியூனிக்கில் இருந்து லிண்டாவ் வரைக்கும் மோட்டர்வேக்குக் காசே இல்லை. ஜேர்மனியில் கார்களுக்கு இன்றைக்கும் இலவசம். ஏன் இலவசம் என்பதில் ஒரு கதை இருக்கிறது, அத்தான் ஓடிக்கொண்டே சொன்னார், பிறகு நான் வாசித்தும் பார்த்தேன். ஜேர்மனியும் இதே மாதிரி விக்னெட் ஒன்றைக் கொண்டுவரச் சட்டம் போட்டது. எல்லாரும் கட்ட வேண்டும், ஆனால் ஜேர்மனியில் பதிந்த கார்க்காரருக்கு அதே அளவு காசு வாகன வரியில் கழிக்கப்படும். அதாவது உண்மையில் கட்டப்போவது வெளிநாட்டுக் கார்க்காரர் மட்டும். ஒஸ்ரியா வழக்குப் போட்டது. 2019 ஆனி 18 ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், இது நாட்டினத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுகிறது, செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வரமுன்னமே கட்டணம் வசூலிக்கக் கம்பனிகளோடு ஒப்பந்தம் போட்டிருந்ததால், 2023 இல் ஜேர்மன் அரசாங்கம் 243 மில்லியன் யூரோ நட்ட ஈடு கட்ட வேண்டி வந்தது.

எனக்கு இந்தத் தீர்ப்புப் பிடித்திருந்தது. வீதிக்குக் காசு வாங்கலாம், ஆனால் ஊர்க்காரனுக்கு ஒரு விலை வெளியூர்க்காரனுக்கு ஒரு விலை என்று வைக்க ஏலாது. இதுதான் அதன் சாரம். சுவிஸில் 40 பிராங் என்றால் சூரிச்சில் இருப்பவருக்கும் 40, மியூனிக்கில் இருந்து ஒரு நாள் போகிறவருக்கும் 40. ஒரு நாள் போகிறவருக்கு அது அநியாயம் என்று சொல்லலாம், சுவிஸில் வருட விக்னெட் மட்டும்தான், நாள் கணக்கில் இல்லை. ஆனால் நீ யார் என்று கேட்டு விலை மாறுவதில்லை.

லிண்டாவ் தாண்டினால் ஒஸ்ரியா. பிரேகென்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபெண்டர் மலைக்குள்ளால் 6.7 கிலோமீற்றர் சுரங்கம். ஒஸ்ரிய மோட்டர்வே என்றபடியால் விக்னெட் வேண்டும்தானே என்று கேட்டேன். அந்த ஆண்டு ஒரு நாளுக்கு 9.30 யூரோ, பத்து நாளுக்கு 12.40. “இந்தத் துண்டுக்கு வேண்டாம். ஆனா ஹோஹெனெம்ஸில இறங்கிடோணும். இறங்காட்டி 120 யூரோ தண்டம்” எண்டார்.

அந்தத் துண்டின் கதையும் சுவையானது. முந்தி அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு மட்டும் இரண்டு யூரோவுக்கு ஒரு தனி விக்னெட் இருந்தது. 2013 ஓடு அதை நிறுத்தினார்கள். சுவிஸுக்குப் போற சனம் இருபது சொச்சம் கிலோமீற்றருக்குப் பத்து நாள் விக்னெட் வாங்குவதா என்று மோட்டர்வேயை விட்டு நகரத்துக்குள்ளால் ஓடத் தொடங்கியது. பிரேகென்ஸ் வீதிகள் நெரிந்தன, ஊர்ச்சனம் சத்தம் போட்டது. கடைசியில் 2019 மார்கழி 15 இல் இருந்து எல்லையில் இருந்து ஹோஹெனெம்ஸ் வரைக்கும் விக்னெட் தேவையில்லை என்று சட்டத்தை மாற்றினார்கள். அனுமதி ஒன்றை வைத்தால் சனம் அதைச் சுற்றி ஒரு பாதை தேடும் என்பது அரசாங்கங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. கார் விசயத்தில் தெரிந்ததும் திருத்திவிட்டார்கள்.

அத்தானும் அப்படிச் சுற்றிய பாதையால் வந்தவர்தான், ஆனால் காரில் இல்லை. தொண்ணூறுகளில் ஏஜென்சிக்குக் காசு கட்டி, மாதக் கணக்காக நாடு நாடாக நின்று வந்தவர். ஹோஹெனெம்ஸில் இறங்கி, ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, சுவிஸுக்குள் போகும்போது நான் மனதில் இருந்ததைக் கேட்டேன். காருக்கு இரண்டு நிமிசம், அம்மாவுக்கு ஏன் இல்லை என்று.

அவர் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கார் வந்து நிண்டு, நான் போகமாட்டன் எண்டு சொல்லாது பிள்ளை. நாங்கள் நிண்டனாங்கள். நாங்கள் நிண்டதுக்குத்தான் மாமியிட்டக் கேள்வி கேக்கிறாங்கள்.”

அதுக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. நின்றவர்கள் உயிருக்குப் பயந்து நின்றவர்கள். அது நியாயம். ஆனால் அவர்கள் நின்றதற்கான விலையை, எங்கேயும் நிற்க விரும்பாத, தென்னைக்குத் தண்ணி விடவேணும் என்று பத்து நாளுக்கு மேல் வெளியில் தங்காத ஒரு மனுசி கட்டிக்கொண்டிருக்கிறா.

பெரியம்மா வாசலில் நாற்காலியில் இருந்தா. சேலையை வாங்கி மணந்து பார்த்தா, அம்மாவின் அலுமாரி வாசம் என்று சொன்னா. அம்மா சொன்ன மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் வட்ஸ்அப்பில் அம்மாவை எடுத்தோம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டியா, மருந்து குடிச்சியா என்று கேட்டார்கள். முப்பது வருசமாக ஃபோனில் கேட்கிற அதே கேள்விகள்.

இரவு சாப்பிடும்போது பெரியம்மா அத்தானிடம், “வாற வழிக்குப் பாஸ் எடுத்தனீங்களோ?” எண்டு கேட்டா. அவ விக்னெட்டைத்தான் கேட்டா. பெரியம்மாவின் வாயில் அது எப்பவும் ‘பாஸ்’தான். அவ ஊரை விட்டு வெளிக்கிடேக்க இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், அதுக்கு ஒருவரைப் பிணை வைக்க வேண்டும். இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தாண்டி வவுனியாவுக்கு வந்தால் ஆமியிடம் பாஸ். அவவுக்குப் பிணை நின்றது அம்மா. அம்மாதான் பின்னுக்கு நின்றா, பெரியம்மா வந்தா. இதைப் பெரியம்மா சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னா, பிட்டுக்குத் தேங்காய்ப்பூ போட்டபடி.

எனக்கு அத்தான் வைத்த கையெழுத்து நினைவுக்கு வந்தது. சொல்தான் மாறியிருக்கிறது. இன்றைக்கும் எங்களில் ஒருவர் அசைய வேண்டுமென்றால் இன்னொருவர் பிணை நிற்க வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் திரும்பும்போது ஜேர்மன் எல்லையில் பொலிஸ் மறித்தது. 2024 புரட்டாதியில் இருந்து ஜேர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. வானின் இலக்கத் தகட்டை அவர்கள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. என் கடவுச்சீட்டை வாங்கினார்கள், விசா ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், திருப்பித் தந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள். பின் இருக்கையில் அக்காவின் சின்னவன், “ஏன் சித்தியை மட்டும் கேக்கினம்?” எண்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வானைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு விசயம் விளங்கியது. நாங்கள் வாங்கிய விக்னெட் 2026 தை 31 வரைக்கும் செல்லும். அது எங்கட பெயரில் இல்லை, தகட்டின் பெயரில். ஆகவே எங்களுக்குப் பிறகு அந்த வானை வாடகைக்கு எடுத்த எவரும் எங்கட 40 பிராங்கில் சுவிஸுக்குப் போகலாம். யார், எந்த நாடு, ஏன் போகிறார்கள் என்று ஒன்றும் இல்லை. அதில் எனக்குக் கவலை இல்லை, போகட்டும். ஆனால் என் விசாவிலும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அந்த ஒன்பது நாளை அம்மாவுக்குக் கொடுக்க முடிந்திருந்தால் போதும்.

இது நடக்கக்கூடிய விசயம் இல்லை என்று எனக்குத் தெரியும். மனிசரும் காரும் ஒன்றில்லை, நாடுகளுக்கு எல்லை வைத்திருக்க உரிமை இருக்கிறது என்றும் தெரியும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. இந்த விக்னெட் முறைக்குள் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. விலை முதலே தெரியும், எல்லாருக்கும் ஒன்று. கேள்வி குறைவு. பிழை விட்டால் தண்டம் எவ்வளவு என்பதும் முதலே தெரியும், சுவிஸில் 200 பிராங்கும் விக்னெட் காசும். முதலில் நம்புகிறார்கள், பிழைத்தால் பிறகு பிடிக்கிறார்கள். எங்களிடம் முதலில் சந்தேகப்படுகிறார்கள். பத்து நாள் அக்காவைப் பார்க்கப் போகிற அறுபது தாண்டிய ஒரு மனுசிக்கும் அந்தப் பழக்கத்தில் கொஞ்சமாவது காட்ட ஏலாதா?

விசா ஸ்டிக்கரும் விக்னெட் மாதிரி இல்லாமல் போகப்போகிறது. விசா நடைமுறையை டிஜிட்டலாக்குவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 கார்த்திகையில் சட்டம் நிறைவேற்றிவிட்டது. விண்ணப்பம் இணையத்தில், விசா ஒரு குறியீடாக. நல்லதுதான், கடவுச்சீட்டைக் கிழமைக் கணக்காகப் பறிகொடுத்துவிட்டு இருக்கத் தேவையிராது. ஆனால் ஸ்டிக்கர் போவதும் கேள்வி போவதும் ஒன்றில்லை.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போய்க் கார் ஓடப் போகிறீர்கள் என்றால் சில விசயம். எந்த நாட்டுக்கும் அரசாங்கத்தின் அல்லது வீதி நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள், ஒஸ்ரியாவுக்கு அஸ்ஃபினாக். வாடகை வாகனம் என்றால் ஏற்கெனவே விக்னெட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நாட்டையும் இலக்கத்தையும் தகட்டைப் பார்த்தே அடியுங்கள். தொடங்கும் திகதியைப் பாருங்கள். ஒஸ்ரியாவில் டிஜிட்டல் விக்னெட் வந்த புதிதில், வாங்கினதை இரத்துச் செய்யும் உரிமை வாடிக்கையாளருக்கு இருந்தபடியால், இணையத்தில் வாங்கினால் பதினெட்டாம் நாள்தான் செல்லத் தொடங்கும் என்று வைத்திருந்தார்கள். பிரென்னர் மாதிரி சில மலைப்பாதைகளுக்கு விக்னெட்டுக்கு மேலால் தனிக் காசு. பற்றுச்சீட்டை ஃபோனில் சேமித்து வையுங்கள்.

அம்மாவுக்கு நாங்கள் திரும்ப விண்ணப்பிக்கிறோம். இந்தமுறை வீட்டு உறுதி, காணிப் பத்திரம் எல்லாம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். ஏழு தென்னையும் அந்த உறுதியில் இருக்கிறது.